செட்டிநாட்டுச் செம்மண்ல முதல் பயிர்: வேருக்குத் துணை சேர்த்துட்டு விதைங்க

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் சுத்துவட்டாரத்துல பல வருஷமா சும்மா கிடக்குற பூர்வீகப் புஞ்சைய எடுத்து மானாவாரியா ஏதாவது வைக்கலாம்னு ஊருக்குத் திரும்பி வர்றவங்களுக்காக இதை எழுதுறேன். எந்த ஆபீஸ்ல எந்தப் பேப்பர், எந்த மாசத்துல எதைப் பண்ணணும், நுண்ணுயிர் உரம்னு கடையில குடுக்கிறது உயிரோட இருக்கான்னு எப்படிப் பாக்குறது, இதையெல்லாம் ஒரே இடத்துல சொல்ல ஆளில்லாம நான் ரொம்ப அலைஞ்சிட்டேன். நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சாத்தான் கீழ சொல்றது எல்லாம் ஏன்னு விளங்கும், அதனால இந்த ரெண்டு பத்தியத் தாண்டிப் போயிடாதீங்க. நம்ம பக்கம் மழை மொத்தக் கணக்குல ரொம்ப மோசம் இல்ல, ஆனா அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடுது, மத்த நாள்ல வெயிலும் காத்தும்தான். மண்ணு செம்மண், கொஞ்சம் தோண்டுனா செம்புராங்கல்லு, தண்ணியப் பிடிச்சு வைக்காது. மண் காய ஆரம்பிச்சதும் அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் செடிக்குள்ள ஏறும், அது இலைக்குப் போனதும் இலைத்துளை எல்லாம் மூடிக்கும். தண்ணி ஆவியாப் போறது குறையும், ஆனா கார்பன் டை ஆக்சைடும் உள்ள வராது, அதனால செடி உணவு தயாரிக்கிறதும் குறைஞ்சு வளர்ச்சி நிக்கும். அதே நேரம் இருக்குற சர்க்கரைய வேருக்கு அதிகமா அனுப்பி வேர ஆழமா விடப்பாக்கும், செல்லுக்குள்ள புரோலின் மாதிரி பொருளச் சேத்து வச்சு தண்ணிய விடாம பிடிக்கும். ஆக, வறட்சியில செடி பிழைக்குமா இல்லையாங்கிறது பாதிக்கு மேல மண்ணுக்கு அடியிலதான் முடிவாகுது.

அங்க வேர் தனியா இல்ல. வேருக்குள்ள நுழைஞ்சு வாழுற வேர்ப்பூஞ்சை ஒண்ணு இருக்கு, கடையில வேம் உரம்னு விக்கிறது இதுதான். அதோட நூல் நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு, வேர்த்தூவி நுழைய முடியாத சந்துல கூட நுழைஞ்சு மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தண்ணியையும் கொண்டு வரும், பதிலுக்கு செடி சர்க்கரை குடுக்கும், சுத்தமான பண்டமாற்று. நம்ம செம்மண்ல இரும்பும் அலுமினியமும் அதிகம், போடுற மணிச்சத்த அது இறுக்கிப் பிடிச்சுக்கும், அதனால இந்த மண்ணுக்கு அந்தப் பூஞ்சை ரொம்பவே அவசியம். கடலை உளுந்து வேர்ல தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிச்சுக் குடுக்குற ரைசோபியம் பாக்டீரியா, வேரச் சுத்தி நோய்க் கிருமிய அடக்குற சூடோமோனாஸ் பாக்டீரியா, மண்ல அதே வேலை பாக்குற டிரைக்கோடெர்மா பூஞ்சை, இப்படி ஒரு கூட்டமே இருக்கு. பல வருஷம் சும்மா கிடந்த நிலத்துல, அதுலயும் மேல்மண் வழிச்சு எடுத்த நிலத்துல, இந்தக் கூட்டம் ரொம்ப மெலிஞ்சு போயிருக்கும். அதத் திரும்ப சேத்துட்டு அப்புறம்தான் விதைக்கணும், அதுக்கான வரிசைதான் கீழ இருக்கு.

1. பேப்பர் வேலைய சித்திரையிலயே ஆரம்பிங்க

செடி கிடிக்கு முன்னாடி பட்டா. நம்ம ஊர்ல இது பெரிய தலைவலி, ஏன்னா நிலம் இன்னும் தாத்தா பேர்ல இருக்கும், பங்காளிங்க பாதிப் பேர் சென்னையில, ரெண்டு பேர் மலேசியாவுல இருப்பாங்க, கூட்டுப் பட்டாவா வேற இருக்கும். எந்த மானியத்துக்குப் போனாலும் உங்க பேர் பட்டாவுல இருக்கான்னுதான் முதல் கேள்வி. தமிழ்நாடு அரசோட இ-சேவை இணையதளத்துல சிட்டாவ இலவசமாவே எடுக்கலாம், முதல்ல அத எடுத்து யார் யார் பேர் இருக்குன்னு பாருங்க. பேர் மாத்தணும்னா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று இதெல்லாம் தயார் பண்ணிக்கிட்டு இ-சேவை மையத்துல விண்ணப்பம் போடுங்க. விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய், உட்பிரிவு பண்ணி அளக்கணும்னா அதுக்குத் தனியா கட்டணும். வெளிநாட்டுல இருக்குற பங்காளி கையெழுத்துதான் நாள் இழுக்கும், அவங்க கோயில் திருவிழாவுக்கோ படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) ஊருக்கு வர்ற சமயம் பாத்து முன்கூட்டியே சொல்லி வச்சு வாங்கிருங்க.

ஒரு ஃபைல்ல இதெல்லாம் ரெண்டு ரெண்டு நகலா வச்சுக்கங்க: சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் தாசில்தார் குடுக்குற சிறு குறு விவசாயி சான்று. அடங்கல்ங்கிறது எந்த நிலத்துல என்ன பயிர்னு காட்டுற பதிவு, அத கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கிட்ட வாங்கணும், அது பயிர் வச்ச வருஷத்துக்கானதா இருக்கணும், பழைய வருஷத்த நீட்டுனா திருப்பி அனுப்பிருவாங்க. விவசாயிங்களுக்குன்னு தனி அடையாள எண் குடுக்குறாங்க, அதையும் வேளாண் விரிவாக்க மையத்துலயோ பொதுச் சேவை மையத்துலயோ பதிஞ்சு வாங்கிருங்க. உழவன் செயலிய போன்ல போட்டு பதிவு பண்றதும் இந்த மாசத்துலயே முடிக்கவேண்டிய வேலை.

2. மண்ணையும் தண்ணியையும் சோதிக்கக் குடுங்க, உரம் எதுவும் போடுறதுக்கு முன்னாடி

கோடையில நிலம் காலியா இருக்கும்போது எடுங்க. ஒரே மாதிரி இருக்குற நிலத்துக்கு ஒரு மாதிரி போதும், மேட்டுக்காடும் பள்ளமும் இருந்தா தனித்தனியா எடுக்கணும். ஒரு ஏக்கர்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து 10, 15 இடத்துல மேல கிடக்கிற சருகத் தள்ளிட்டு மண்வெட்டியால வி மாதிரி வெட்டி, அந்தக் குழியோட பக்கத்துல மேலேர்ந்து அரை அடி ஆழம் வரைக்கும் ஒரே கனத்துல மண்ண வழிச்சு எடுக்கணும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குமி போட்ட இடம், ஆடு அடைஞ்ச இடம் இங்கெல்லாம் எடுத்தா ரிப்போர்ட் பொய்யாயிடும். எல்லாத்தையும் சாக்குல கொட்டிக் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கத் தள்ளிட்டு, மறுபடி பிரிச்சு கடைசியா அரை கிலோ வர்ற வரைக்கும் பண்ணுங்க. ஈரமா இருந்தா நிழல்ல காய வைங்க, வெயில்ல வேண்டாம். மா, தென்னை, முந்திரின்னு மரம் வைக்கப் போறீங்கன்னா ஒரு அடி, ரெண்டடி, மூணடின்னு ஆழத்துக்கு ஒரு மாதிரி தனியா வேணும், செம்புராங்கல்லு எத்தனை அடியில ஆரம்பிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிரும்.

அரசு மண் பரிசோதனை நிலையத்துல கட்டணம் ரொம்பச் சொற்பம்தான், மாதிரிய உங்க வட்டார வேளாண் விரிவாக்க மையத்துலயே குடுக்கலாம். தமிழ் மண்வளம்னு அரசு இணைய முகப்புல உங்க சர்வே நம்பரப் போட்டு ஏற்கனவே பதிஞ்ச விவரம் இருக்கான்னும் பாக்கலாம். மண்வள அட்டையில 12 விஷயம் இருக்கும், புதுசா வர்றவங்க அதுல நாலு மட்டும் முதல்ல பாருங்க: பிஎச் (புளிப்பு-கார அளவு), இசி (உப்பு அளவு), கரிமக் கார்பன் (மக்குப் பொருளோட அளவு), மணிச்சத்து. நம்ம பக்கம் செம்புறை மண்ல பிஎச் ஏழுக்குக் கீழ இருக்குறது சகஜம். கரிமக் கார்பன் அரை சதவீதத்துக்குக் கீழன்னா குறைவுன்னு வகைப்படுத்துவாங்க, அப்படி வந்துச்சுன்னா நுண்ணுயிருக்கு சாப்பாடு இல்லன்னு அர்த்தம், நாலாவது படிய ரொம்ப கவனமா செய்யுங்க. மணிச்சத்து நல்லா இருக்குன்னு வந்தா டிஏபி (மணிச்சத்து உரம்) மூட்டைய இறக்காதீங்க. மணிச்சத்து பத்தாதப்போதான் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன்னு ஒரு பொருளக் கசியவிட்டு வேர்ப்பூஞ்சையக் கூப்பிடும், மணிச்சத்தக் கொட்டிட்டா கூப்பிடாது, நீங்க காசு குடுத்து வாங்கிப் போட்ட வேம் அப்படியே வீண்.

போர் தண்ணி இருந்தா அதையும் ஒரு லிட்டர் பாட்டில்ல குடுங்க. தேவகோட்டைக்குக் கிழக்க கடல் பக்கமா போகப்போக உப்பு ஏறும். இசி 0.75-க்குள்ள இருந்தா கவலை இல்ல, 2.25-ஐத் தாண்டுனா அதச் சொட்டுநீர்ல விட்டு நாத்து வளக்குறது கஷ்டம். உப்புத் தண்ணியில மண் ஈரமா இருந்தாலும் வேரால இழுக்க முடியாது, செடி வறட்சியில நிக்குற மாதிரியே நிக்கும்.

3. ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி பேசி வைங்க

தைலமரக் கட்டை, சீமைக்கருவேல் இதெல்லாம் எடுக்காம ஒண்ணும் நடக்காது. எங்க பக்கம் ஜேசிபி மணிக்கு 1,200-லேர்ந்து 1,500 வரைக்கும் கேக்குறாங்க, கட்டை அதிகம்னா ஏக்கருக்கு ஒரு முழு நாள் ஆகும்னு வச்சுக்கங்க. இங்கதான் புதுசா வர்றவங்க பெரும்பாலும் சிக்குறாங்க: நிலத்த ஒரே மட்டமா ஆக்குறேன்னு மேல்மண்ண முழுக்க வழிச்சு பள்ளத்துல தள்ளிருவாங்க, அடியில இருக்குற சரளையும் செம்புராங்கல்லும் மேல வந்துரும். பூஞ்சை, பாக்டீரியா, மண்புழு எல்லாம் மேல அரை அடி முக்கா அடியிலதான் அதிகம் இருக்கு. அது போச்சுன்னா திரும்ப வர வருஷக்கணக்காகும். டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கட்டைய மட்டும் தோண்டி எடு, மட்டம் பண்றதா இருந்தா மேல்மண்ண முதல்ல ஓரமா குவிச்சு வச்சுட்டு கடைசியா பரப்புன்னு. மணிக்கணக்குல காசு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

தைலமரம் நின்ன இடத்துல இலைச்சருகு முழுக்க அள்ளிருங்க, அந்த இலையில இருக்குற எண்ணெய்ப் பொருள் சின்ன விதை முளைக்குறத கெடுக்கும். சரிவு இருந்தா குறுக்கால வரப்பு போட்டுருங்க.

4. வண்டல், கிடை, பசுந்தாள்

கண்மாய் வண்டல் நம்ம செம்மண்ணுக்கு மருந்து மாதிரி, களிச்சத்து கூடி தண்ணி நிக்கும். அரசு இத இலவசமா எடுக்க அனுமதி குடுக்குது, தாசில்தார்கிட்ட அனுமதி. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரைக்கும் எடுக்கலாம். உங்க நிலம் அதே தாலுகாவுல இருக்கணும், கண்மாயும் அனுமதிப் பட்டியல்ல இருக்கணும், சிட்டா அடங்கலோட விண்ணப்பிக்கணும். மண்ணுக்குக் காசு கிடையாது, வண்டி வாடகையும் அள்ளுற கூலியும் உங்களோடது, அதனால பக்கத்துக் கண்மாயாப் பாருங்க, தூரம் கூடுனா டிராக்டர் நடைக்கே காசு தீந்துரும். மழைக்காலத்துக்கு முன்னாடி எடுக்கலன்னா கண்மாயில தண்ணி வந்துரும், அனுமதிச் சீட்டு கையில இல்லாம ஒரு நடை கூட அடிக்காதீங்க, வண்டியப் பிடிச்சு வச்சிருவாங்க. அடி மண்ணோட மஞ்சக் களி வந்தா வேண்டாம், மேல கருப்பா படிஞ்சிருக்கிறதுதான் வேணும்.

அடுத்தது ஆட்டுக்கிடை. அறுப்பு முடிஞ்ச பின்னாடி கோடையில கீதாரிங்க (ஆடு மேய்க்கிறவங்க) மந்தையோட சுத்துவாங்க, ராத்திரிக்கு இவ்வளவுன்னு பேசிக்கிட்டு உங்க நிலத்துல அடைப்பாங்க. ஆட்டு எண்ணிக்கையப் பொறுத்து ரேட்டு மாறும், ஊர்ல விவசாயம் பாக்குற பெரியவர் ஒருத்தர வச்சுப் பேசுங்க. "அய்யா, ஒரே எடத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல வேணாம், பட்டிய நகத்திக்கிட்டே போவோம்"னு எங்க கீதாரி சொன்னாரு, அவர் சொன்னது சரிதான், ஒரே இடத்துல அதிகமானா உப்பும் தழைச்சத்தும் ஏறி நாத்து கருகும். கிடை போட்ட மறுநாளே லேசா உழுது மண்ணுல மூடிடணும், வெயில்ல விட்டா சத்து காத்தோட போயிரும்.

மாட்டுச்சாணம் வாங்குனா நல்லா மக்குனதா பாருங்க. பச்சைச் சாணியும் மக்காத சருகும் நம்ம மண்ல கரையான இழுத்துட்டு வரும், தண்ணி இல்லாம சோந்து நிக்குற கன்னுல அது முதல்ல ஏறும்.

அப்புறம் பசுந்தாள். ஆடியில ஒரு மழை கிடைச்சதும் கொழிஞ்சியோ சணப்பையோ விதைங்க, காஞ்ச செம்மண்ணுக்கு கொழிஞ்சி நல்லா தாங்கும், தக்கைப்பூண்டு கொஞ்சம் ஈரம் நிக்குற இடத்துக்கு. பூ எடுக்குறப்போ, கிட்டத்தட்ட 45 நாள்ல மடக்கி உழணும், முத்த விட்டா தண்டு நாராகி மக்காது. மடக்குன பிறகு ரெண்டு வாரமாவது விட்டுத்தான் விதைக்கணும். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்னு 2024-25-லேர்ந்து ஒரு திட்டம் இருக்கு, அதுல பசுந்தாள் விதை மானியத்துல குடுத்தாங்க, விரிவாக்க மையத்துல ஆனி மாசமே போய்க் கேட்டு வைங்க, ஸ்டாக் சீக்கிரம் தீந்துரும்.

மேல்மண் ஏற்கனவே போன நிலம்னா முதல் வருஷம் வருமானத்த எதிர்பாக்காம சோளம், கம்பு, தட்டைப்பயறு இதக் கலந்து விதைச்சு விடுங்க. இந்தப் பயிர் வேர்ல எல்லாம் வேர்ப்பூஞ்சை நல்லா பெருகும். கடுகு, முள்ளங்கி, கோஸ் குடும்பத்துல அது சேரவே சேராது, கீரைத்தண்டு வகையிலயும் பெருசா சேராது, அதனால அதுங்களுக்கு வேம் வாங்கிப் போடுறது தண்டச்செலவு.

5. நுண்ணுயிர் உரம் வாங்குறப்போ பாக்க வேண்டியது

இதுதான் ரொம்ப முக்கியமான படி. நீங்க வாங்குறது உயிரு, பொட்டலம் இல்ல. வேளாண் விரிவாக்க மையத்துல மானியத்துல கிடைக்கும், இல்லன்னா வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க, நமக்கு குன்றக்குடியில இருக்கு, புதுக்கோட்டைப் பக்கம்னா வம்பன்ல இருக்கு. செட்டிநாட்டுலயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, மானாவாரிப் பயிர் சந்தேகத்துக்கு அங்க போய் நேர்ல கேக்கலாம்.

வாங்குறப்போ தயாரிச்ச தேதி, காலாவதி தேதி ரெண்டையும் படிங்க. பவுடர் சில மாசம்தான் தாங்கும், திரவம் ஒரு வருஷம் வரைக்கும் வரும். கடை வாசல்ல வெயில் படுற இடத்துல அடுக்கி வச்சிருந்தா தேதி நல்லா இருந்தாலும் வேண்டாம், பாட்டில் ஊதியிருந்தாலோ கெட்ட வாடை வந்தாலோ வேண்டாம். ரைசோபியம் பொட்டலத்துல எந்தப் பயிருக்குன்னு எழுதியிருக்கும், கடலைக்கு கடலையோடது, உளுந்துக்கு பயறு வகையோடது. வீட்டுக்குக் கொண்டு வர்றப்போ கார் டேஷ்போர்டுல வச்சிட்டு வராதீங்க, அந்தச் சூட்டுலயே பாதி செத்துரும்.

அளவு இப்படி வச்சுக்கலாம், எல்லாம் ஒரு ஏக்கருக்கு. அசோஸ்பைரில்லம் (காத்துல இருக்குற தழைச்சத்தப் பிடிக்கிற பாக்டீரியா) 800 கிராம், பாஸ்போபாக்டீரியா (மண்ல இறுகிக் கிடக்குற மணிச்சத்தக் கரைக்கிற பாக்டீரியா) 800 கிராம், ரெண்டையும் 10 கிலோ மக்குன எருவும் 10 கிலோ மண்ணும் கலந்து ஈரம் இருக்குறப்போ தூவணும். திரவமா இருந்தா 200 மில்லி போதும். டிரைக்கோடெர்மா ஒரு கிலோவையும் சூடோமோனாஸ் ஒரு கிலோவையும் 20 கிலோ எருவுல கலந்து போடணும். விதைக்குன்னா டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம், சூடோமோனாஸ்னா கிலோவுக்கு 10 கிராம். வேம் மட்டும் தூவுனா பிரயோஜனம் இல்ல, அது வேரத் தொடணும். நாத்தங்கால்ல ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் விதைக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ வர்ற மாதிரி போடுங்க, பாலிதீன் பை நாத்துக்கு 5-லேர்ந்து 10 கிராம், மரக்கன்னு நடுற குழியில வேர் உக்கார்ற இடத்துல 20 கிராம் வைக்கலாம், வளந்த மரத்துக்கு 200 கிராம் இளவேர் இருக்குற இடத்துல.

விதையோட கலக்க ஆறுன அரிசிக் கஞ்சி போதும். விதையில கஞ்சியத் தெளிச்சு பொட்டலத்தக் கொட்டி கை அழுத்தாம புரட்டி, நிழல்ல அரை மணி நேரம் உலத்தி அன்னைக்கே விதைச்சிருங்க. பூஞ்சாணக்கொல்லி மருந்து போட்ட விதைன்னா ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியத்தக் கடைசியா சேருங்க. யூரியாவோடயோ பூச்சி மருந்தோடயோ ஒரே வாளியில கலக்கவே கூடாது. கடைக்காரர் எல்லாத்தையும் சேத்தே அடிச்சிரலாம்னு சொல்லுவாரு, ஒத்துக்காதீங்க. காஞ்ச சூடான மண்ல விதைச்சுட்டு மழைக்குக் காத்திருந்தா விதையில ஒட்டுன பாக்டீரியா தாங்காது, அப்படி விதைக்க வேண்டி வந்தா விதையில சேக்காம மழை விழுந்த பிறகு எருவுல கலந்து தூவுங்க.

6. விதையக் கடினப்படுத்தி விதைங்க

மானாவாரி நெல்லுக்கு அண்ணா 4-னு ஒரு ரகம் இருக்கு, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்துல நம்ம மாதிரி வறட்சி ஊருக்குன்னே உண்டாக்குனது, நூறு நாள் சொச்சத்துல வந்துரும். உளுந்துல வம்பன் 8 மாதிரி வம்பன் ரகங்கள் நம்ம பக்கம் நல்லா பழக்கம். நெல் விதைய 1 சதவீத பொட்டாஷ் கரைசல்ல, அதாவது லிட்டருக்கு 10 கிராம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர், 16 மணி நேரம் ஊற வச்சு நிழல்ல பழைய எடைக்கு வர்ற வரைக்கும் காய வைக்கணும். விதை உள்ளுக்குள்ள முளைப்பு வேலைய ஆரம்பிச்சு பாதியில நிக்கும், அப்புறம் மண்ல ஈரம் கிடைச்சதும் வேகமா ஒரே சீரா முளைக்கும், விதைச்சதும் வர்ற சின்ன வறட்சியத் தாண்டிரும். செலவு சில பத்து ரூபாய்தான்.

கடலை உளுந்து எல்லாம் நல்ல ஈரத்துல விதைங்க, ஒரே ஒரு தூத்தலைப் பாத்துட்டு இறங்காதீங்க, மண்வெட்டியால கொத்திப் பாத்து அரை அடிக்கு ஈரம் இறங்கியிருக்கான்னு பாருங்க. கடலைக்கு 40-லேர்ந்து 45 நாள்ல ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும், நம்ம மண்ல சுண்ணாம்புச் சத்து குறைவு, போடலன்னா காய் பொக்கா போயிரும்.

7. வாடுறது எல்லாம் தண்ணிக்காக இல்ல

நம்ம ஆளுங்க செடி தொங்குனா மோட்டரப் போட ஓடுறாங்க. முதல்ல நேரத்தப் பாருங்க. மத்தியானம் மட்டும் தொங்கி சாயங்காலம் நிமிந்துட்டா அது வெயில சமாளிக்குது, விட்டுருங்க. விடியக்காலையிலயே தொங்கி நின்னா நிஜமாவே தண்ணி வேணும். மண் ஈரமா இருக்கு, ஆனாலும் வாடுதுன்னா வேர்ல பிரச்சனை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில அடியில செம்புராங்கல்லு இருக்குற இடத்துல தண்ணி தேங்கும், வேருக்கு காத்து இல்லாம போகும், எத்திலீன்னு ஒரு வாயு ஹார்மோன் செடியில சேந்து அடி இலை மஞ்சளாகி கீழ் நோக்கி மடங்கும். அங்க யூரியா போட்டா ஒண்ணும் ஆகாது, வடிகால் வெட்டுங்க.

ஒரு செடிய வெளிய எடுத்து வேரப் பாக்குறதுக்குத் தயங்காதீங்க. கையால பிடுங்காம மண்வெட்டியால சுத்தி கெல்லி தண்ணியில அலசுங்க. 30, 35 நாள் கடலை உளுந்துல வேர் முடிச்ச நகத்தால கிள்ளுங்க. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா தழைச்சத்து பிடிக்குது, யூரியாவே வேண்டாம். வெள்ளையா இருந்தா இன்னும் வேலை செய்யல, பச்சை இல்ல பழுப்புன்னா முடிஞ்சு போச்சு. அதே இடத்துல வேரே வீங்கி முண்டு முண்டா இருந்து, தேச்சா கழண்டு வரலன்னா அது வேர்முடிச்சு நூற்புழு. ரைசோபியம் முடிச்சு வேரோட பக்கவாட்டுல ஒட்டியிருக்கும், தேச்சா வந்துரும். நூற்புழுவ முடிச்சுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டவங்க நிறைய. கத்தரி, தக்காளி, கொய்யாவுல இது அதிகம். கன்னு வாங்குறப்பவே நர்சரியில ஒரு பையக் கிழிச்சு வேரப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும், ஏன்னா நிலத்துக்குள்ள வந்துட்டா ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும்: வேப்பம்புண்ணாக்கு, ஊடுபயிரா துலுக்கச் சாமந்தி, அடுத்த போகத்துல நெல் மாதிரி மாத்துப் பயிர்.

உளுந்து கடலையில காஞ்ச வெயிலுக்கு நடுவுல அங்கங்க ஒத்தச் செடியா பட்டுப்போய், வேர் கருப்பாகி தோல் உரிஞ்சு வந்தா வேரழுகல். அந்தப் பூஞ்சைக்கு சூடும் வறட்சியும்தான் பிடிக்கும், செடி சோந்து போனதும் ஏறும். அப்ப மருந்து ஊத்துறத விட முன்னாடியே டிரைக்கோடெர்மா போட்டு மூடாக்கும் (மண்ண சருகு வைக்கோலால மூடுறது) போட்டிருந்தா பெரும்பாலும் வராது.

8. மழை இடைவெளி விழுந்தா

மழை நின்னு மண் விரிய ஆரம்பிச்சதும், செடி முழுசா சோர்றதுக்கு முன்னாடி, பிபிஎஃப்எம்னு ஒரு பாக்டீரியா கரைசல் லிட்டருக்கு 10 மில்லி கலந்து இலையில தெளிங்க. இது இலை மேல வாழுற பாக்டீரியா, வறட்சியத் தாங்க வைக்கும். காலையில இல்ல சாயங்காலம் மட்டும், பூச்சி மருந்தோட கலக்காம. இல்லன்னா 1 சதவீத பொட்டாஷ் தெளிக்கலாம், இலைத்துளை திறந்து மூடுற வேலைக்கு சாம்பல் சத்துதான் வேணும். மூடாக்குக்கு கடலைக்கொடி, வைக்கோல், காஞ்ச சருகு எதுவும் சரி, தண்டுல இருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்க, ஒட்டிப் போட்டா கரையான் ஏறும்.

சொட்டுநீர் வேணும்னா சிறு குறு விவசாயிங்களுக்கு 5 ஏக்கர் வரைக்கும் 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம். முதல் படியில சொன்ன ஃபைலே போதும், மண் தண்ணி சோதனை ரிப்போர்ட்டையும் சேத்துக்கங்க. அரசு வச்சிருக்குற விலைக்குள்ள வர்றதுக்குத்தான் 100 சதவீதம், அதுக்கு மேல கம்பெனிக்காரர் ஏதாவது சேத்தா அது உங்க கைக்காசு, எழுதி வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

9. இன்சூரன்ஸ் தேதிய விட்டுறாதீங்க

இவ்வளவும் பண்ணாலும் மழை ஏமாத்துற வருஷம் உண்டு. பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்துல ராபி (குளிர்காலப்) பருவ உணவுப் பயிருக்கு காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டணும், வருஷப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதம். சம்பா நெல்லுக்கு கடைசித் தேதி பொதுவா நவம்பர் நடுவுல வரும். விஏஓ-கிட்ட விதைப்புச் சான்று இல்ல அடங்கல், பாஸ்புக், ஆதார் எடுத்துக்கிட்டு கூட்டுறவு சொசைட்டி, பேங்க் இல்ல பொதுச் சேவை மையத்துல கட்டுங்க. கடைசி ரெண்டு நாள்ல சர்வர் நிக்கும், விதைச்ச அடுத்த வாரமே போயிருங்க. ரசீதுல சர்வே நம்பரும் பயிர் பேரும் சரியா இருக்கான்னு அங்கயே நின்னு படிச்சுப் பாருங்க, ஒரு நம்பர் மாறுனா இழப்பீடு வராது. போன்ல சந்தேகம் கேக்கணும்னா கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழ்லயே பேசுவாங்க.

10. அறுப்புக்கு அப்புறம்

உளுந்து, தட்டைப்பயறு எல்லாம் வேரோட பிடுங்காம அரிவாளால அடியில அறுங்க, வேரும் முடிச்சும் மண்ணுலயே கிடக்கட்டும். தாள எரிக்க வேண்டாம், மேல அரை அங்குலத்துல இருக்குற உயிரு எல்லாம் போயிரும். மாசி பங்குனியில மண்ண மொட்டையா விடாம கிடைச்சதப் போட்டு மூடி வைங்க, கோடை மழை விழுந்ததும் லேசா ஒரு உழவு, ரோட்டவேட்டர ஆழமா இறக்கி திரும்பத் திரும்ப ஓட்டுனா பூஞ்சை நூல் எல்லாம் அறுந்துரும். எங்க பக்கம் டிராக்டர் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுது, ரெண்டு தடவைக்கு பதிலா ஒரு தடவை ஓட்டுனா அந்தக் காசுல அடுத்த போகத்துக்கு வேண்டிய டிரைக்கோடெர்மாவும் ரைசோபியமும் வாங்கிரலாம்.